பன்சொடான் தெரு பதில்கள்: பட்டாளத்துக்காரர்கள்

போன மாதம் யாரோ கேட்ட சில்லறைக் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லும்போது, "ஐ.என்.ஏ.க்காரர்களுக்காக நான் டைப் அடித்த சாட்சிக் கடிதங்களின் கார்பன் காப்பி இன்னும் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். (ஐ.என்.ஏ. என்றால் இந்திய தேசிய ராணுவம், ஜப்பான்காரர்களோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்த நேதாஜி பட்டாளம்.) அதற்கு வந்த கடிதங்களைப் படிக்கவே மூன்று நாள் ஆனது. ஆகவே ஜாதகம், வாஸ்து, மொயிங்கா நூடுல்ஸில் ஏன் வாழைத்தண்டு போடுகிறார்கள் போன்ற கேள்விகளுக்கு இந்த மாதம் விடுமுறை. 1942-ல் இந்தியாவுக்கு நடந்தே போனவர்களைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். அது தனிக் கதை. இதில் சேர்த்தால் இரண்டும் கெடும். அடுத்த மாதம் பார்க்கலாம்.

ரங்கூனில் டைப் அடித்துக்கொண்டிருந்த உங்களுக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்களும் சிப்பாயா?
– எம்.எஸ்., தாம்வே

இல்லை ஐயா. நான் 1946-ல் பிறந்தவன். சண்டை முடிந்து எல்லோரும் சட்டையை மாற்றிக்கொண்ட பிறகு வந்தவன். என் கை பிடித்த ஒரே ஆயுதம் ஒரு பழைய ரெமிங்டன் டைப்ரைட்டர்.

1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அப்பா கணக்கெழுதிய ஜவுளிக்கடையும் போனது. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். எங்கள் சந்தில் பாதி வீடு கப்பலேறிவிட்டது. எங்கள் அம்மாவுக்குக் கடல் என்றாலே நடுக்கம். "வந்தப்போ வாந்தியெடுத்தது போதும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நாங்கள் பர்மாவில் தங்கியதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

நான் டைப் கற்றுக்கொண்டு பன்சொடான் தெரு நடைபாதையில் நாற்காலி போட்டேன். கோர்ட்டு, ஆபீஸ் எல்லாம் பக்கத்தில். நில மனு, பெயர் மாற்ற மனு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போது இந்திய சர்க்கார் 1972 ஆகஸ்ட் 15 முதல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு மாதம் 200 ரூபாய் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தது. ஐ.என்.ஏ.வில் இருந்து சிறைப்பட்டவர்களுக்கும் உண்டு. ஆனால் உள்ளே இருந்ததற்குக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லையென்றால் கூட இருந்த இரண்டு பேர் எழுதித் தர வேண்டும்.

மனுப் போட்டவர் வியாசர்பாடியில் ஓலைக் குடிசையில் இருக்கிறார். கூட இருந்தவர்கள் இங்கே திங்கன்ஜுனிலும் பீலிக்கானிலும் இருக்கிறார்கள். "அவனைத் தேடிப் பிடித்து எழுதி வாங்கி அனுப்புங்கள்" என்று மதராஸிலிருந்து எனக்குக் கடிதம் வரும். பெகு, தட்டோன் என்று ரயிலேறித் தேடினேன். அப்படி அடித்த சாட்சிக் கடிதங்கள் 43. பெயர், நம்பர், ரெஜிமெண்ட், முகாம், தேதி ஆகியவைதான் காகிதத்தில் வர வேண்டும். ஆனால் அந்த மனிதர்கள் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார்கள். மனசு கேட்காமல் அதையெல்லாம் கார்பன் காப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன். இப்போது உங்களுக்குப் பதில் சொல்வது அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான்.

அந்த 43 பேரில் எத்தனை பேருக்குப் பென்ஷன் கிடைத்தது? சாட்சி சொன்னவர்களுக்கும் கிடைத்ததா?
– ஆர். கே., மோல்மேன்

கிடைத்தது என்று எனக்குத் தகவல் வந்தது 19 பேருக்கு. சாட்சி சொன்னவர்கள் இங்கேயே தங்கியவர்கள், பலர் பர்மியக் குடியுரிமை எடுத்தவர்கள். தனக்கென்று மனு அடிக்கச் சொல்லி அவர்களில் ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. வேலையை விட்டு, பஸ் பிடித்து வந்து, சிநேகிதனுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் வாங்கித் தரும் டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். டீக்கும் சண்டைபோட்டு அவர்களே காசு கொடுத்ததுதான் அதிகம்.

இரண்டு கடிதங்களை மட்டும் என்னால் மறக்க முடியாது.

ஒன்றில் தப்பு என்னுடையது. 1945 ஏப்ரல் 24-ம் தேதி இரவு நேதாஜி ரங்கூனை விட்டுக் கிளம்பினார். ஊரில் கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.என்.ஏ.க்காரர்களை மேஜர் ஜெனரல் லோகநாதன் பொறுப்பில் விட்டுப் போனார். லோகநாதன் நம் தமிழர், டாக்டர். ஜப்பான்காரர்களும் போய்விட்டார்கள், வெள்ளைக்காரன் மே 3-ம் தேதிதான் உள்ளே வருகிறான். நடுவே அந்தச் சில நாள் ரங்கூனைக் காவல் காத்தது இவர்கள்தான். ஜெயில் கூரைமேல் கைதிகள் 'ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள்' என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதி விமானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

என் சாட்சிக்காரரும் அவருடைய கூட்டாளியும் பொட்டடாங் பக்கம் ஓர் அரிசிக் கிடங்குக்குக் காவல். "தண்ணித் திருவிழா முடிஞ்ச பத்தாம் நாள் எங்களை அங்க நிறுத்தினாங்க தம்பி. பூட்டு கிடையாது. கதவுல நாங்க ரெண்டு பேருந்தான் பூட்டு" என்றார். வெள்ளைக்கார அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கியபோது சல்யூட் அடிப்பதா, சுடுவதா, ஓடுவதா என்று தெரியவில்லையாம். பழக்க தோஷத்தில் கூட்டாளி விறைப்பாக நின்று துப்பாக்கியைத் தூக்கி மரியாதை காட்டிவிட்டான். அந்த அதிகாரியும் பழக்க தோஷத்தில் பதில் சல்யூட் வைத்துவிட்டு, அப்புறம்தான் துப்பாக்கியைக் கேட்டு வாங்கினானாம். இருவரும் ரங்கூன் ஜெயிலுக்குப் போனார்கள்.

தண்ணித் திருவிழா நம் சித்திரைப் பிறப்போடு வருவது. பத்தாம் நாள் என்றால் ஏப்ரல் கடைசி வாரம், கணக்கு சரியாக வருகிறது. நான் அடித்தது 'மே 24'. முதல் நாள் அடித்த மனுவில் மே மாதம் வந்தது, கை அதையே அடித்துவிட்டது. மே 24-ல் வெள்ளைக்காரன் ரங்கூனில் குடியேறி மூன்று வாரம் ஆகியிருந்தது. பதினாலு மாதம் கழித்து, 'சாட்சியின் கூற்று நம்பத்தக்கதல்ல' என்று காகிதம் திரும்பி வந்தது. சாட்சிக்காரர் கோபப்படவில்லை. "நான் சொன்னதை எழுதியிருக்கலாமே தம்பி" என்றார், அவ்வளவுதான். திருத்தி அனுப்பி, அது நகர்ந்து, பணம் வந்தபோது கூட்டாளி இல்லை. அவர் சம்சாரம் வாங்கினார். கார்பன் காப்பியில் அந்த 'மே' இன்னும் நீலமாக இருக்கிறது. எனக்குக் கர்வம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன்.

இன்னொன்று பத்து நாள் விவகாரம். பென்ஷனுக்கு ஆண்கள் குறைந்தது ஆறு மாதம் உள்ளே இருந்திருக்க வேண்டும். பெகுவிலிருந்து வந்த சாட்சிக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அஞ்சு மாசம் இருபது நாள்" என்றார். "ஆறு என்று போட்டுவிடட்டுமா?" என்று கேட்டேன். என் வயசுக்கு அப்போது அது தப்பாகவே படவில்லை. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். "அவன் என் கூட்டாளி. அவனைப் பத்திப் பொய் சொல்லச் சொல்றியா?" கடைசியில் ஐந்து மாதம் இருபது நாள் என்றே அடித்தேன். மனு தள்ளுபடி. மதராஸிலிருந்து அந்தக் கூட்டாளி எழுதிய கார்டில், "முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் பத்து நாள் உள்ளேயே படுத்திருப்பேனே, சோறும் போட்டான்" என்று இருந்தது. சாட்சிக்காரருக்குப் படித்துக் காட்டினேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

எங்கள் கொள்ளுத்தாத்தா காக்கிச் சட்டையில் நிற்கும் போட்டோ அனுப்பியிருக்கிறேன். அவர் எந்தப் பட்டாளம்? நேதாஜி பட்டாளம் என்கிறார் அப்பா. இல்லை என்கிறார் சித்தப்பா.
– ஜி. வி., தட்டோன்

சட்டையை வைத்துச் சொல்ல முடியாது தம்பி. சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள்தான் ஐ.என்.ஏ.வுக்கு அஸ்திவாரம். வெள்ளைக்காரன் கொடுத்த காக்கியையே தொடர்ந்து போட்டார்கள். புதிதாகத் தைத்தவர்களுக்கும் அதே தினுசுதான். பார்க்க வேண்டியது தொப்பியிலும் தோளிலும் இருக்கும் அடையாளம். இந்திய வரைபடமோ மூவர்ணமோ இருந்தால் அப்பா ஜெயித்தார். தோளில் இங்கிலீஷ் எழுத்தில் ரெஜிமெண்ட் பெயர் பித்தளையில் இருந்தால் சித்தப்பா. வீட்டில் ஆறு முனை வெண்கல நட்சத்திரம் ஏதாவது கிடக்கிறதா என்று அலமாரியைத் துழாவுங்கள். கருநீல நாடா, நடுவே அகலமாகச் சிவப்பு, இரு பக்கமும் ஆரஞ்சுக் கோடு இருந்தால் அது பர்மா ஸ்டார். வெள்ளைக்காரன் பக்கம் நின்றவர்களுக்குக் கொடுத்தது.

நீங்கள் அனுப்பிய படத்தில் தோள் நிழலில் போய்விட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். சட்டைக்கைகள் விரல் நுனிவரை தொங்குகின்றன. பின்னால் வரைந்த திரையில் ஏரியும் அன்னமும். அந்தக் கால ஸ்டுடியோக்களில் கோட்டு, தொப்பி, கைத்தடி எல்லாம் வாடகைக்கு உண்டு. டல்ஹௌசி தெருவில் முறுக்கு விற்ற என் பெரியப்பா கேப்டன் மாதிரி நிற்கிற படம் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. அப்பா, சித்தப்பா இருவரிடமும் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

சண்டையில் என்ன சாப்பிட்டார்கள்? சினிமாவில் யாரும் சாப்பிடுவதே இல்லை.
– பிளஸ் டூ மாணவி, திங்கன்ஜுன்

இத்தனை கடிதத்தில் உருப்படியான கேள்வி இதுதான். என் பென்சில் குறிப்பில் முக்கால்வாசி சாப்பாடுதான். எங்கே சுட்டோம் என்பதை அவர்கள் மறந்திருப்பார்கள். எந்த ஊரில் உப்பு தீர்ந்தது என்பதை மறக்கமாட்டார்கள்.

இம்பாலிலிருந்து 1944-ல் மழையில் திரும்பி வந்தவர்கள் சொன்ன சாப்பாடு இது: உமி போகாத நெல், பெயர் தெரியாத காட்டுக்கீரை, அதைத் தின்று வயிற்றுப்போக்கு, மேலே மலேரியா. தமுவிலிருந்து சிந்த்வின் ஆறு வரை ரோடே சேறு. நெல்லை இரும்புத் தொப்பியில் போட்டுத் துப்பாக்கிக் கட்டையால் இடித்தோம் என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் உடனே எழுந்து போய் என் வீட்டு அரிசிப் பானை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆனால் உனக்கு நான் சொல்ல நினைப்பது பனைமரக் கதை. ஐ.என்.ஏ.வின் நேரு ரெஜிமெண்டில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் நிறைய. 1945 பிப்ரவரியில் கர்னல் தில்லான் தலைமையில் அவர்களை நியாங்ஊ, பகான் பக்கம் ஐராவதிக் கரையைக் காக்க நிறுத்தினார்கள். பிப்ரவரி 14-ம் தேதி எதிரிகள் ஆற்றைத் தாண்டினார்கள். தோல்விதான். நிறையப் பேர் சரணடைந்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் போப்பா மலைப் பக்கம் போனார்கள். புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும்.

அந்தப் பூமியைப் பார்த்திருக்கிறாயா? மேல் பர்மாவின் வறண்ட காடு. செம்மண், முள், புழுதி, எங்கு பார்த்தாலும் பனை. என்னிடம் சொன்னவருக்குப் பூர்வீகம் ராமநாதபுரம். அப்பன் பாட்டன் பனையேறிகள். பிறந்ததும் வளர்ந்ததும் மலாயா ரப்பர்த் தோட்டத்தில். பனைமரத்தை அதுவரை பார்த்ததே இல்லையாம், அம்மா பாட்டில் கேட்டதோடு சரி. "லாரியிலேர்ந்து இறங்கினேன். எங்க பாட்டன் ஊரு இப்படித்தான் இருக்கும்னு தோணுச்சு. சண்டைக்குப் போற நினைப்பே போயிருச்சு" என்றார்.

அவர் பிளட்டூனுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆற்றங்கரை எதிரி கையில். கிணறுகள் தூர்ந்து கிடந்தன. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பர்மாக்காரக் கிழவர் மூங்கில் ஏணி சாத்திப் பனையேறிக்கொண்டிருந்தார். இவருக்கு பர்மியம் தெரியாது, கிழவருக்குத் தமிழ் தெரியாது. இவர் பாளையைக் காட்டி, சீவுகிற மாதிரி கையை அசைத்தாராம். கிழவர் கத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக மரம் ஏறினார். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினேன் என்று இரண்டு முறை சொன்னார். அது ராணுவக் குற்றமாம். மேலே போய்ப் பாளையைச் சீவத் தெரியாமல் விரலைச் சீவிக்கொண்டார். இடது கை ஆள்காட்டி விரல் நுனி இருக்காது. நான் குண்டடி என்று நினைத்துத்தான் கேட்டேன்.

பதநீர் கிடைத்தது. இருபத்தெட்டுப் பேருக்கு ஆளுக்கு அரைக் குவளை. பஞ்சாபி ஹவில்தார் ஒருவர் மோந்து பார்த்து, இது கள், குடித்தால் தண்டனை என்றாராம். இவர் உடைந்த இந்துஸ்தானியில், "சாப், இது இன்னும் கள் ஆகல, சாயங்காலம்தான் ஆகும்" என்று விளக்கியிருக்கிறார். ஹவில்தார் யோசித்துவிட்டு, "அப்போ சாயங்காலமும் கொண்டுவா" என்றாராம்.

தாத்தாவின் பெட்டியில் ஜப்பான்காலத்து ரூபாய் நோட்டு ஒரு கட்டு இருக்கிறது. மதிப்பு உண்டா?
– எஸ். எஸ்., பெகு

'பி' எழுத்தில் தொடங்கி, நம்பரே இல்லாமல் இருக்குமே, அதுவா? ஜப்பான் ராணுவம் பர்மாவுக்கென்று அடித்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்த அன்றோடு அது வெறும் காகிதம். எங்கள் அம்மா அதில் அடுப்புப் பற்றவைத்ததாகச் சொல்வாள். பழைய நோட்டுச் சேர்ப்பவர்கள் டீச் செலவுக்குத் தருவார்கள். விற்காதீர்கள். பேரப்பிள்ளைகள் கடை வைத்து விளையாட நல்லது.

வெள்ளைக்காரன் பக்கமும் தமிழர்கள் இருந்தார்களாமே? தமிழனைத் தமிழன் சுட்டானா?
– கே. பி., பீலிக்கான்

இருந்தார்கள், ஏராளமாக. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் பர்மாச் சண்டை முழுக்க ரோடு போட்டது, பாலம் கட்டியது, கண்ணிவெடி எடுத்தது. பெரும்பாலும் தமிழ்ப் பையன்கள். சுட்டார்களா என்று கேட்கிறீர்கள். என் 43-ல் யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

சந்தித்துக்கொண்டதைச் சொன்னவர் ஒருவர் உண்டு. 1945-ல் பெகுவில் முள்கம்பிக்குள் இருந்தார். அங்கே இவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரிப்பார்கள். வெள்ளை என்றால் வெள்ளைக்காரனுக்கு விசுவாசம் மாறாதவன், கறுப்பு என்றால் மனசார நேதாஜி ஆள். இவர் தோட்டத்திலிருந்து சேர்ந்தவர், வெள்ளைக்காரன் சம்பளம் எப்போதும் வாங்காதவர். அதனால் இவரை எதில் போடுவது என்று அவர்களுக்கே குழப்பம்.

கம்பிக்கு வெளியே பலகை சுமந்து போன சாப்பர் ஒருவன் கால் இடறி, அம்மாவைச் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னானாம். சுத்தமான தமிழ். உள்ளேயிருந்து இவர், "யாருப்பா அது, எந்த ஊரு?" என்று கத்தினார்.

"திருப்பத்தூரு."

இவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எனக்கும் பூர்வீகம் திருப்பத்தூருதான்யா! யாரு வீடு?"

அவன் பலகையை இறக்கி வைத்துவிட்டுக் கம்பி அருகே வந்து, தெரு, கோயில், தேர் என்று பேசிப் பார்க்கிறார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில்தான் விளங்கியது, அவன் வடஆற்காட்டுத் திருப்பத்தூர், இவர் ராமநாதபுரத்துத் திருப்பத்தூர். அவன் "சீ, அந்தத் திருப்பத்தூரா?" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பத்தடி போனவன் திரும்பி வந்து கம்பி வழியாக இரண்டு சிகரெட்டை நீட்டினானாம். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு நீ சொன்ன பொய்க்கு" என்றானாம்.

நேதாஜி உண்மையிலேயே விமான விபத்தில் இறந்தாரா?
– பதினொரு பேர், பல ஊர்கள்

1945 ஆகஸ்ட் 18, தைப்பே. அரசாங்கக் காகிதம் அப்படித்தான் சொல்கிறது. என் சாட்சிக்காரர்களில் பாதிப் பேர் அதை நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. இரண்டு பாதியையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டேன். நான் டீ ஊற்றப் போய்விடுவேன். இப்போதும் அப்படியே.

சென்னையிலிருந்து யாங்கோன் வருகிறோம். போர்வீரர் கல்லறைக்குப் போக வேண்டும். தமிழர் பெயர்கள் இருக்குமா?
– பர்மாவில் பிறந்த அம்மாவின் மகள், வியாசர்பாடி

வாருங்கள் அம்மா. நீங்கள் போக வேண்டியது தௌக்கியான். விமான நிலையத்தைத் தாண்டி வடக்கே, பியே சாலையில். காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் புல்தரையில் நிழல் கிடையாது. 6,374 கல்லறைகள், நடுவே நீண்ட தூண் மண்டபம். உடல் கிடைக்காதவர்களின் பெயர்களை அந்தத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 27,000 பெயர். எரியூட்டப்பட்டவர்களுக்கும் தனியே நினைவிடம் இருக்கிறது, ஆயிரம் பேருக்குமேல். அதிலெல்லாம் நம் பெயர்கள் வரும். இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும், கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பெருமாள், முனிசாமி என்று படித்ததும் விரல் தானாக நின்றுவிடும்.

நடு வட்டத்தில், 'சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் இறந்தார்கள்' என்ற பொருளில் ஒரு வாசகம் ஐந்து மொழியில் இருக்கிறது: இங்கிலீஷ், பர்மியம், இந்தி, உருது, குருமுகி. ஆறாவதை நீங்கள் தேடுவீர்கள். நானும் தேடினேன், இல்லை. அப்புறம், இங்கே இருப்பது வெள்ளைக்காரன் பக்கம் நின்றவர்கள் மட்டும். ஐ.என்.ஏ.க்காரனுக்கு இங்கே கல் கிடையாது.

நேரமிருந்தால் மோல்மேன் தாண்டி தன்பியூசயாட்டுக்கும் போங்கள். ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் மரண ரயில்பாதை பர்மாப் பக்கம் தொடங்கும் இடம். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். அங்கேயும் அழகான கல்லறைத் தோட்டம்: காமன்வெல்த் வீரர்கள் 3,149 பேர், டச்சுக்காரர் 621 பேர். அந்தப் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளிகள் சுமார் 90,000 என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப்போன தமிழர்கள் அதில் எத்தனையோ ஆயிரம். அவர்களுக்கு வரிசையும் இல்லை, கல்லும் இல்லை.

அந்தப் பாதையிலிருந்து தப்பிக் காட்டு வழியே மோல்மேன் வந்து சேர்ந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஊரில் 'மலாயாக்காரர்' என்றால்தான் தெரியும். சிப்பாய் இல்லாததால் எந்த மனுவிலும் அவர் பெயரை எழுத இடமில்லை. ஆனாலும் தனியாக ஒரு தாள் சொருகி அடித்தேன். 44-வது என்று அதற்கு நம்பர் போடவில்லை, சும்மா வைத்திருக்கிறேன். ரயில் சத்தம் கேட்டால் கோபம் வருமா என்று கேட்டேன். "ரயில் என்ன பண்ணுச்சு?" என்றார்.

எங்கள் பாட்டிக்கு 97 வயது. ஐ.என்.ஏ.வின் ஜான்சி ராணிப் பெண்கள் படையில் ரங்கூன் முகாமில் இருந்ததாக என் அம்மாவிடம் எப்போதோ ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நாங்கள் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். எப்படிக் கேட்பது?
– பேத்தி, பீலிக்கான்

உன் கடிதத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது அம்மா. என் 43 சாட்சிக் கடிதமும் ஆண்களுடையது. பெண்களுக்கு மூன்று மாதம் உள்ளே இருந்தால் போதும் என்று விதியில் இருந்தும், ஒரு பெண்ணுக்காகவும் யாரும் என் நாற்காலிக்கு வந்ததில்லை. நானும் தேடிப் போனதில்லை. தேட வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

ரங்கூனில் அந்தப் படைக்கு முகாம் இருந்தது உண்மை. கேப்டன் லட்சுமி மதராஸ்காரர், டாக்டர். அவர் தலைமையில் 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கியது. பிறகு பர்மாவுக்கு வந்தது. மேமியோ ஆஸ்பத்திரியில் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொண்டதும் இவர்கள்தான். தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்தான் அதிகம் என்றாலும் பர்மாவில் பிறந்தவர்களும் சேர்ந்தார்கள். கடைசியில், ஏப்ரல் 24-ம் தேதி இரவு, மலாயாப் பெண்கள் நேதாஜியோடு சித்தாங் ஆற்றைத் தாண்டி நடந்தார்கள். பர்மாப் பெண்களை அதற்கு முன்பே அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினாறு, பதினேழு வயதில், துப்பாக்கி பிடித்த கையோடு வீட்டுக்குப் போனவள் யாரிடம் என்ன சொல்லியிருப்பாள்? கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் "வாயைத் திறக்காதே" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதைத்தான் உன் பாட்டி இன்னும் கடைப்பிடிக்கிறார் என்று நினைக்கிறேன்.

"சண்டை போட்டீங்களா பாட்டி?" என்று கேட்காதே. "நேதாஜியைப் பாத்தீங்களா?" என்றும் வேண்டாம், எல்லோரும் கேட்பது அது. போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிக்காதே. காலில் எண்ணெய் தேய்த்துவிடும்போது, "பூட்ஸ் உங்க அளவுக்குக் கிடைச்சுதா?" என்று கேள். என் சாட்சிக்காரர்கள் வாயைத் திறந்ததெல்லாம் பூட்ஸில்தான். அளவு பெரிதாக இருந்தால் துணி அடைத்தார்களா, என்ன துணி என்று கேள். கேட்டும் பேசாவிட்டால், அறை வாசலில் நின்று மெதுவாக "தாஹினே முட்" என்று ஒரு தடவை சொல்லிப் பார். வலப்பக்கம் திரும்பு என்ற கட்டளை அது. பெகுக்காரர் ஒருவர் எண்பத்திரண்டு வயதில், காது சரியாகக் கேட்காத நிலையில், பேரன் விளையாட்டுக்குச் சொன்னதற்குத் தலையை வலப்பக்கம் திருப்பினார், நானே பார்த்தேன்.

அப்புறம் முகாமில் பெண்கள் தலைமுடியை வெட்டிக்கொண்டார்களா, கொண்டை போட்டுத் தொப்பிக்குள் அடக்கினார்களா என்று எனக்காக ஒரு கேள்வி கேள். அதை என்னிடம் சொல்ல இதுவரை யாரும் இருந்ததில்லை. சொன்னால் எழுதி அனுப்பு. பென்சிலால் எழுது, மை வேண்டாம். மழைக்காலத்தில் பீலிக்கானிலிருந்து வரும் தபால் நனையாமல் வந்ததே இல்லை.